விருந்தாளியின் கடன்

விருந்தோம்பலைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேளாதவர் நமது பங்கில் இருக்க முடியாது. வருகிறவரை எப்படி வரவேற்பது, எங்கே உட்கார வைப்பது, எதை முதலில் பரிமாறுவது என்பதெல்லாம் நம் வீடுகளில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் விருந்தாளியாய்ப் போகிறவனுக்கு என்ன கடமை உண்டு என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. "போன இடத்தில் மானத்தை வாங்காதே" என்று என் தாயார் சொல்லி அனுப்பியதோடு அந்தப் பாடம் முடிந்தது.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது 2019-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், கிர்கிஸ்தான் தேசத்து மலைமேல். நானும் என் கல்லூரிச் சிநேகிதர் ஒருவரும் சேர்த்து வைத்திருந்த லீவை எடுத்துக்கொண்டு, முதுகில் ஆளுக்கொரு பையுடன் மத்திய ஆசியாவில் இருபது நாள் சுற்றி வரப் புறப்பட்டோம். ஹோட்டல்களில் தங்குவதில்லை, அந்தந்த ஊர் மக்களின் வீடுகளிலேயே தங்குவது என்பது எங்கள் தீர்மானம். (குடும்பத்தை விட்டுவிட்டு ஒருவன் இப்படிப் போகலாமா என்பது வேறு விசாரம். அதை என் மனைவி போதிய அளவு விசாரித்துவிட்டாள்.) சமர்க்கந்து நகரைப் பார்த்துவிட்டு, எல்லை தாண்டி, ஓஷ், பிஷ்கெக் வழியாகக் கோச்கோர் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம்.

கோச்கோரில் வீட்டில் தங்குவது ஓர் ஒழுங்கான ஏற்பாடு. 2000-ம் ஆண்டையொட்டி, சுவிட்சர்லாந்து தேசத்தாரின் உதவியுடன், ஊரார் ஒன்றுகூடித் தங்கள் வீடுகளைப் பிரயாணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். படுக்கைக்கு இவ்வளவு, இரவுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று விலை உண்டு. கொடுத்தோம், உண்டோம், உறங்கினோம். மனச்சாட்சிக்கு அங்கே வேலையில்லை. விலை சொல்லும் இடத்தில் பேரம் பேசி அதைக் குறைப்பது கேவலம் என்பதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

சங்கடம் பிறந்தது சோங்-கோல் ஏரிக்குப் போகும் வழியில். கடல் மட்டத்துக்குமேல் 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய ஏரி அது. சுற்றிலும் புல்வெளி, மரம் என்று ஒன்றில்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் மேய்ப்பர்கள் குடும்பத்தோடு ஏறி வந்து, கம்பளிக் கூடாரம் அடித்து, ஆடு மாடு குதிரைகளை மேய்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நாங்கள் கணவாயைத் தாண்டி இறங்கும்போது ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கென்று ஏற்பாடு செய்திருந்த கூடாரம் இன்னும் வெகு தூரம். ஒரு கிழவி தம் கூடாரத்தின் வாசலில் நின்று கையை அசைத்துக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் நுழைந்துவிட்டோம்.

அது பிரயாணிகளுக்கான கூடாரம் அல்ல, குடியிருக்கும் வீடு. கிழவி, அவர் கணவர், பன்னிரண்டு வயதுப் பேத்தி, அவளைவிடச் சிறிய பேரன். பேத்திக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். பெரியவருக்கு நாங்கள் இந்தியர் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தது. "ராஜ் கபூர்!" என்றார். 'ஆவாரா' படம் 1954-ம் ஆண்டில் சோவியத் தேசத்தில் திரையிடப்பட்டது. அங்குள்ள முதியவர்களுக்கு இந்தியா என்றால் இன்றும் அந்த மனிதர்தான். எங்களை வாசலுக்கு நேர் எதிரே, உட்புறத்தில் உட்கார வைத்தார்கள். அது மரியாதைக்குரியவர்களின் இடமாம். நடுவில் அடுப்பு. அதில் எரிந்தது என்ன தெரியுமா? நம்மூர் வறட்டியேதான். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து அந்த வாசனையை முகர்ந்ததும், எங்கள் பாட்டியின் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றிவிட்டது.

தரையில் துணி விரித்தார்கள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், ரொட்டி, பாலாடை, பழப்பாகு. குதிரைப் பாலைப் புளிக்க வைத்த பானம் ஒன்று கொடுத்தார்கள். புளித்த மோருக்கும் கள்ளுக்கும் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம், புகை வாசம் வேறு. நான் குடித்துவிட்டேன். பிறகு ஆட்டிறைச்சிக் குழம்பு வந்தது. என் சிநேகிதர் சைவம். அவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றதும் கிழவியின் முகத்தில் கவலை. வயிற்றுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். பேத்தி எப்படியோ விளக்கினாள். உடனே கிழவி எழுந்து போய், மறுநாளைக்கு வைத்திருந்த பாலாடை முழுவதையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அவர் அதை மிச்சமில்லாமல் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அவருக்குப் பாலாடை பிடிக்காது.

தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினார்கள். என் சிநேகிதர் காதோடு, "பாதிதான்டா ஊத்துறாங்க. நாம வந்தது பிடிக்கலையோ?" என்றார். நேர்மாறாம். பாதி ஊற்றினால், மறுபடியும் மறுபடியும் ஊற்றிக்கொடுத்து விருந்தாளியை இருத்திக்கொள்ள விருப்பம் என்று பொருள். கிண்ணம் நிரம்பி வந்தால் எழுந்து போகலாம் என்று பொருள். கூப்பிடாமல் வந்து சேரும் விருந்தாளிக்கு அந்த மக்கள் 'கடவுள் அனுப்பிய விருந்தாளி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

செல்வக் குடும்பம் அல்ல என்பது பார்த்தவுடனே தெரிந்தது. 1991-ல் சோவியத் ஆட்சி மறைந்து கூட்டுப்பண்ணைகள் கலைந்தபோது, ஏறக்குறைய ஒரு கோடியாயிருந்த அந்நாட்டு ஆடுகள் சில ஆண்டுகளில் பாதிக்கும் குறைவாய்ப் போயின. பிழைப்பைத் தேடி வாலிபர்கள் ரஷ்யாவுக்குப் போனார்கள், இன்னும் போகிறார்கள். இந்தக் கிழவியின் மகனும், பிள்ளைகள் இருவருக்கும் தகப்பன், மாஸ்கோவில் கட்டிட வேலை. கட்டுகிற கட்டிடத்திலேயே படுக்கையாம். அவன் படத்தை எடுத்துக் காட்டினார்கள். பிறகு எங்களிடம் ஒன்று கேட்டார்கள். அன்று முழுவதும் அவர்கள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்: எங்களோடு உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்ப வேண்டும். குளிர்காலத்து ஊரின் விலாசத்தைப் பேத்தி எழுதித் தந்தாள். கட்டாயம் அனுப்புகிறோம் என்றோம்.

காலையில் பணம் கொடுத்தோம். மறுத்தார்கள். மறுபடியும் நீட்டினோம். பெரியவர் சற்று கோபமாகவே கையை ஆட்டினார். வெளியே வந்து பைகளைக் கட்டும்போது என் சிநேகிதர், "வேண்டாம்னு சொல்றாங்கன்னு சும்மா போயிட முடியுமாடா? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவங்க எத்தனை நாள் கஷ்டப்படணும்?" என்றார். எனக்கும் அது நியாயமாய்ப் பட்டது. மெத்தைக்கு அடியில் நோட்டுகளை வைத்துவிட்டு விடைபெற்றோம்.

அரைமணி நேரம் நடந்திருப்போம். பின்னால் குதிரைச் சத்தம். சிறுவன், சேணம்கூட இல்லாமல் வந்து நின்றான். எங்கள் நோட்டுகளை மடிப்புக் கலையாமல் நீட்டினான். இன்னொரு கையில் ஒரு சிறு துணிப்பை. உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த உருண்டைகள். வழியில் தின்ன எங்களுக்காகக் கட்டி வைத்ததை மறந்து விட்டுப் போயிருந்தோம். அதையும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அன்று ஏரி வரும்வரை நாங்கள் இருவரும் இதையே வாதித்துக்கொண்டு நடந்தோம். என் சிநேகிதரின் வாதம் பலமானது. "குடுக்கிற பெருமை அவங்களுக்கு மட்டுமா? நமக்கும் குடுக்க உரிமை இருக்கு. ஏழை கையில இருந்து வாங்கித் தின்னுட்டு, அவங்க வழக்கத்தை மதிக்கிறோம்னு சொல்றது வசதிக்காரன் சொல்ற சாக்கு" என்றார். இதில் உண்மையுண்டு என்பதை மறுக்க முடியாது. காசில்லாமலே உலகம் சுற்றினேன் என்று பெருமை பேசுகிற வாலிபர்களை வழியெல்லாம் கண்டோம். சில ஆண்டுகளாகத் தென்கிழக்கு ஆசிய நகரங்களில், செல்வ நாடுகளிலிருந்து வந்த பிரயாணிகள் நடைபாதையில் அட்டையை வைத்துக்கொண்டு பிச்சையும் எடுக்கிறார்கள். அவர்களுக்குக் காசு போடுகிறவர்களில் அவ்வூர்க் கூலிக்காரரும் உண்டு. இது விருந்தல்ல, சுரண்டல்.

இந்தக் கேடு புதிதுமல்ல. 'அப்போஸ்தலர் பன்னிருவரின் போதகம்' என்ற மிகப் பழைய சிறு நூல் ஒன்றுண்டு. அதன் கையெழுத்துப் பிரதி 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் அகப்பட்டு, 1883-ல் அச்சாயிற்று. ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு அது இடும் கட்டளைகளில் ஒன்று நமக்குச் சிரிப்பை மூட்டும். வீட்டுக்கு வரும் அப்போஸ்தலரை ஒருநாள் வைத்துக்கொள்ளலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் இருந்தாரானால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. புறப்படும்போது பணம் கேட்டாலும் அப்படியே. தங்கிவிட விரும்புகிற சாதாரணப் பிரயாணியோ கைத்தொழில் செய்து சாப்பிட வேண்டும். அந்த ஆதிச் சபையாரும் எத்தனை பேருக்குச் சோறு போட்டு ஏமாந்திருந்தால் இப்படி எழுதி வைத்திருப்பார்கள்!

ஆயினும், எங்கள் நோட்டுகள் திரும்பி வந்தது எனக்கு வேறொன்றை உணர்த்தியது. மறைவாய்த் தருமம் செய்யச் சொல்லியிருக்கிறதே, நீங்கள் மறைத்து வைத்ததில் என்ன பிழை என்று கேட்கலாம். நாங்கள் செய்தது தருமம் அல்ல. கணக்கு முடித்தோம். ஒரு கிழவிக்குக் கடன்பட்டவர்களாய் நடப்பது எங்களுக்குப் பாரமாயிருந்தது. முகத்துக்கு நேரே கொடுக்க முடியாததால் மெத்தைக்கு அடியில் வைத்தோம். கொடுக்கிறவன் எப்போதும் சற்று உயர்ந்த இடத்தில் நிற்கிறான். வாங்குகிறவன் தாழ நிற்க வேண்டும். நம்மில் பலர் தாராளமாய்க் கொடுக்கிறோம், ஆனால் வாங்கத் தெரியவில்லை.

சேசுநாதர் சீஷர்கள் எழுபத்திரண்டு பேரை ஊர் ஊராய் அனுப்பிய வரலாற்றை அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 10-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருவர் இருவராய் அனுப்பினார். பையும் பணமும் வேண்டாம் என்றார். நுழைந்த வீட்டிலேயே தங்கி, வைத்ததை உண்ண வேண்டும். வீடு வீடாய் மாறக்கூடாது. பல தடவை கேட்ட இந்தப் பகுதியில், அவர்களுக்கு ஏன் பணம் கொடுத்து அனுப்பவில்லை என்று நான் யோசித்ததே கிடையாது. வறுமையைப் பழகுவதற்கு என்பார்கள். அது ஒரு காரணம்தான். மடியில் பணமிருந்தால் அவர்களுக்கு எந்த வீடும் தேவைப்பட்டிராது என்பது இப்போது எனக்குத் தோன்றும் காரணம். வீட்டாரின் தயவு இல்லாமல் அன்றிரவு பட்டினி என்றால்தான், அந்த வீட்டாரை அவர்கள் கவனித்துப் பார்ப்பார்கள். நல்ல சமையல் தேடி வீடு மாறாமல், கிடைத்ததில் நிலைத்திருக்கச் சொன்னதும் அதற்காகவே இருக்கலாம். என் சிநேகிதர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் தமக்குப் பிடிக்காத பாலாடையை அவர் உண்டு முடித்த விதத்தில் அந்தக் கட்டளை இருந்தது.

நிற்க. படத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். அவர்கள் கேளாத பணத்தைக் கொடுக்க அவ்வளவு பாடுபட்டோமே, கேட்ட படத்தை அனுப்பினோமா? ஊர் வந்ததும் அச்சிட்டேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளினேன். 2020-ல் கொள்ளைநோய் வந்தது. அது நல்ல சாக்காய் அமைந்தது. நான்கு வருஷம் மேசை இழுப்பறையில் கிடந்தது. கடைசியில், பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி விடுமுறை முடிந்து திரும்பியபோது அவளிடம் கொடுத்தனுப்பினேன். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். சுவரில், மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்களாம். பெரியவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் செய்தி வந்த சமயம் எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த மூன்று வாலிபர் வேலை செய்தார்கள். பூசாத சுவர்களுக்குள்ளேயே படுக்கை. தண்ணீர் கேட்டால் கம்பிக் கதவின் இடைவெளி வழியாக என் மனைவி பாட்டிலில் நிரப்பிக் கொடுப்பாள். ஒரு மாலை, செங்கல் அடுப்பில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தவன், கதவருகே நின்ற என் சிறிய மகளிடம் ஒன்றை நீட்டினான். "வேண்டாம், உள்ளே வா" என்று நான் அவளைக் கூப்பிட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டான். இரவு படுத்தபின்பு, மாஸ்கோவில் கட்டிடத்திலேயே படுத்திருப்பவன் ஞாபகம் வந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஏதாவது சமைத்து எடுத்துப் போகலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். மாலையில் மூவரும் வெறுங்கையோடு போனோம். சிமெண்டுச் சாக்கை உதறி விரித்து உட்காரச் சொன்னார்கள். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். சிறியவளுக்கு உறைப்புத் தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பாட்டிலிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.