கைராசியா, கைத்திறனா?

கைராசி என்றொரு சொல் நம் நாட்டில் உலவுகிறது. விதை தூவும் உழவனுக்கும் அது வேண்டுமாம். மருந்தளிக்கும் மருத்துவனுக்கும் வேண்டுமாம். துணி தைக்கும் பெண்ணுக்கும் வேண்டுமாம். திறமைக்குச் சூட்டப்பட்ட இந்தப் பொய்ப்பெயர் யாரை வாழவைக்கிறது, யாரை வதைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நம் கடன் அன்றோ?

தையற்பொறியின் முன் முதன்முதலாக அமரும் பெண்ணைப் பாருங்கள். மிதியை அழுத்துகிறாள்; சக்கரம் பின்னோக்கிச் சுழல்கிறது; நூல் அறுகிறது. மீண்டும் முயல்கிறாள், துணியின் அடிப்புறத்தில் நூல் சிக்குகிறது. "உன் கைக்கு இது ராசியில்லை" என்கின்றனர் சுற்றியிருப்போர். பொறி சொல்லும் விடையோ வேறு! சக்கரத்தின் மேற்புறம் தைப்பவரை நோக்கிச் சுழலவேண்டும். அடியில் நூல் சிக்கினால், பெரும்பாலும் குறை மேல்நூலில் இருக்கும்: இறுக்கத் தட்டுகளின் இடையே அது சரியாகச் சென்றிராது, அல்லது துணியை அழுத்தும் பாதம் இறக்கப்பட்டிராது. தையல் விட்டுவிட்டு விழுந்தால், ஊசி வளைந்தோ மழுங்கியோ திரும்பியோ இருக்கலாம். காரணத்தைக் கண்டு களைந்தால் கோளாறு மறைகிறது. அதனால்தான் முதலில் நூலின்றி மிதித்துப் பழகுகின்றனர். பின் கோடிட்ட தாளில் ஊசியை ஓட்டுகின்றனர். அதன் பிறகே துணியைத் தொடுகின்றனர். இதில் ராசிக்கு எங்கே இடம்?

இந்தப் பொறியின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. கைத்தையல் ஊசியின் காது, கூர்முனைக்கு எதிர்முனையில் இருக்கும். 1846-இல் அமெரிக்கர் எலியாஸ் ஓவ் காப்புரிமை பெற்ற பொறியிலோ, காது கூர்முனையின் அருகிலேயே இருந்தது. முன்னோர் வைத்த இடத்திலேதான் காது இருக்கவேண்டும் என்று எண்ணியிருந்தால் இந்தப் பொறி உருவாகியிருக்குமா?

வானம் பார்த்த புன்செய் நிலம் மிகுந்தது தருமபுரி மாவட்டம். பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பெயர்வோர் இங்கே பலர். பென்னாகரத்திலோ அரூரிலோ வாழும் ஒரு பெண், பிறந்த மண்ணைவிட்டுப் பெயராமல் தன் வீட்டுத் திண்ணையிலேயே உழைத்துண்ண இப்பொறி உதவும். கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தையற்பொறியை இலவசமாக வழங்கத் தமிழக அரசு வகுத்த திட்டத்துக்கு, 1967-இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்ற சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தையல் அறிந்தவருக்கே பொறி என்பது அதன் விதி. திறனுக்குச் சான்று கேட்கிறது அரசு; தாலிக்குச் சான்று கேட்கவில்லை.

ஆனால் சமுதாயம் கேட்கிறதே! மணமகளின் இரவிக்கையைக் கைம்பெண் தைக்கலாமா என்று தயங்கும் வீடுகள் இன்னும் இல்லையா? "அது அவரவர் நம்பிக்கை, அதனால் யாருக்கு என்ன கேடு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேடு உண்டு. முகூர்த்த மாதங்களே தையற்காரரின் அறுவடைக் காலம். அந்த வேலையை மறுப்பது அவள் கூலியை மறுப்பதாகும். ஊரார் பழிச்சொல்லை அவளே நம்பத் தொடங்குவது அதனினும் பெருங்கேடு. நூல் அறும்போது ஊசியைச் சோதிக்க வேண்டியவள், தன் தலைவிதியை நொந்துகொள்வாள். காரணத்தைத் தேடும் அறிவை அவளிடமிருந்து பறித்துவிட்டு, வெறும் இரும்பை அவளிடம் கொடுத்து என்ன பயன்?

ஆயுதபூசை நாளில் பொறிக்குப் பொட்டிட்டு மாலை சூட்டுகிறோம். அதை இயக்கும் கையை அமங்கலம் என்று ஒதுக்குகிறோம். பொறிக்கு வேண்டியது எண்ணெய். அவளுக்கு வேண்டியது வேலை.

இளைஞர்களே! கைராசி இல்லையென்று மேடையில் முழங்குவது எளிது. உங்கள் இல்லத்துத் திருமணம் வரும்போது, மணமகளின் இரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு அந்தக் கைம்பெண்ணின் திண்ணைக்குச் செல்லுங்கள். அளவு கொடுங்கள், உரிய கூலியைக் குறையாது கொடுங்கள். பாட்டியார் தடுப்பார், மாமன்மார் முகம் சுளிப்பார்கள். அங்கே உறுதியாக நில்லுங்கள். நம் கொள்கைக்கு உண்மையான தேர்வு அதுவே.