பூஜை மணி அடித்துக்கொண்டே இருந்தேன்!

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் வழியாகக் குடவாசல் போகும் பஸ்ஸில் ஏறினால், வழியில் வருகிற ஊர் திருச்சேறை. வைணவ அன்பர்களுக்கு அது சாரநாதப் பெருமாள் ஊர். கடன் பட்டு நெஞ்சம் கலங்கியவர்களுக்கோ அது சாரபரமேஸ்வரர் ஊர்! அந்தச் சிவாலயத்தின் பிராகாரத்தில் 'ருண விமோசன லிங்கேஸ்வரர்' என்ற திருநாமத்தோடு தனியே ஒரு சந்நிதி இருக்கிறது. தொடர்ந்து 11 திங்கட்கிழமைகள் அர்ச்சனை செய்து வேண்டிக்கொண்டால் கடன் தொல்லை தீரும் என்பது ஐதீகம். உங்களில் பலர் போய் வந்திருப்பீர்கள்.

அங்கே நின்று கண்ணை மூடும்போது எந்தெந்தக் கடனை நினைத்துக்கொள்கிறோம்? வீட்டு லோன், நகைக் கடன், மகளின் கல்யாணத்துக்கு வாங்கியது, ஏலச் சீட்டில் எடுத்தது... இவைதானே? போன மாதம் வாஷிங் மெஷினைச் சரிசெய்துவிட்டு, 'அப்புறம் வந்து வாங்கிக்கறேன்க்கா' என்று சொல்லிப்போன மெக்கானிக்கின் 400 ரூபாய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

எனக்கும் இருந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு. தஞ்சாவூர் மேல வீதியில் ஒரு போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்தோம். நவராத்திரிக்கு நாலே நாள் இருக்கும்போது ஃபிரிஜ் நின்றுபோனது. 'டிக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் உறுமல், அப்புறம் மௌனம். கீழவாசலில் கடை வைத்திருந்த ஒருவர் பழைய சைக்கிளில் வந்தார். பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். 'ரிலே போயிருக்கு அக்கா' என்றார். பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். பத்தே நிமிஷம்தான். ஃபிரிஜ் ஓடியது. பொருளுக்கு 180, கூலி 170, ஆக 350 ரூபாய் என்றார்.

"பத்து நிமிஷத்துக்கு 170 ரூபாயா?" என்று கேட்டேன். கையில் 200 கொடுத்து, "மீதி அப்புறம் தர்றேன்" என்றேன். பணம் இல்லாமல் இல்லை. கொலுப் படிக்குக் கீழே பெட்டியில் இருந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டால் ஏமாந்துவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்ற ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை 'அவர் ஊரில் இல்லை' என்றேன். அடுத்த தடவை 'ஒண்ணாம் தேதிக்கு மேல வாங்க' என்றேன். மூன்றாம் தடவை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பூஜை முடிகிற நேரம். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. கற்பூரம் அணைந்தும், நான் மணி அடிப்பதை நிறுத்தவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். கை வலித்து நிறுத்தியபோது எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகட்டி நின்றுகொண்டிருந்தார்! "பூஜை நடக்குதுன்னுதான் கூப்பிடலை. கொஞ்சம் திருநீறு கொடுங்க அக்கா" என்றார். கொடுத்தேன். நெற்றியில் இட்டுக்கொண்டார். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. போய்விட்டார். அதற்குப் பிறகு வரவும் இல்லை.

அந்த 150 ரூபாய் பாக்கி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். பேரம் பேசியதிலா? வேலைக்கு முன்னால் பேரம் பேசலாம். அது நம் உரிமை. வேலை முடிந்த பிறகு பேசுவது வேறு. நம் சட்டமே இந்த இடத்தைக் கவனித்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 170-ஆவது பிரிவு ஒன்று உண்டு. ரிப்பேருக்குக் கொடுத்த பொருளில் உழைப்பையோ திறமையையோ போட்டு வேலை செய்தவர், தமக்குரிய கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. கடையில் கொடுத்த மிக்ஸியைக் காசு கொடுக்காமல் வாங்கிவர முடியாததற்கு இதுதான் காரணம். ஆனால் ஃபிரிஜ்? அது நம் வீட்டுச் சமையலறையில் நிற்கிறது. மாட்டிய ரிலேவும் அதற்குள் போய்விட்டது. அவர் பிடித்துவைத்துக்கொள்ள எதுவும் இல்லை, நம் வாக்கைத் தவிர! கடைக்காரரிடம் நாணயமாக இருந்த அதே நான், வீட்டுக்கு வந்தவரிடம் ஏன் அப்படி இல்லை? பிடி அவர் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேறு காரணமே இல்லை.

நமக்குக் குறை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வழியை இன்னும் சுலபமாக்கியிருக்கிறது. ஆனால் பணம் வராத மெக்கானிக் அங்கே போக முடியாது. அவர் நுகர்வோர் இல்லையே! 150 ரூபாய்க்கு சிவில் கோர்ட்டுக்கா போவார்?

சாஸ்திரம் என்ன சொல்கிறது? ஹோமமோ சிராத்தமோ செய்து முடித்ததும் கையில் தீர்த்தம் விட்டு தட்சிணை கொடுக்கிறோம் அல்லவா? அந்தத் தட்சிணையையே ஒரு தேவியாகச் சொல்கிறது தேவி பாகவதம். 'தக்ஷிணா தேவி' யக்ஞ புருஷனின் மனைவி. அவள் இல்லாமல் எந்த யாகமும் பலன் தராது. வேலை முடிந்த உடனேயே தட்சிணை கொடுத்துவிட வேண்டும். நாள் கடத்தினால் தொகை பெருகிக்கொண்டே போகும் என்பது அந்தக் கதையில் வரும் செய்தி. இதையே சொல்லும் பிரம்மவைவர்த்த புராணத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கொடுக்காதவர் மட்டுமில்லை, உரியதைக் கேட்காமல் விட்டவரும் கயிறு அறுந்த குடம்போல விழுவாராம்! ஆக, வாசலில் வந்து நின்று கேட்கிறவர் நம்மை அவமானப்படுத்தவில்லை. கேட்பதும் அவருடைய தர்மத்தில் சேர்ந்தது.

அது வைதீகக் காரியத்துக்குச் சொன்னது, ஃபிரிஜ் ரிப்பேருக்குச் சொன்னதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அரிச்சந்திரன் கதையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பொய் பேசாதவன் என்றுதான் அவனைச் சொல்கிறோம். அவன் காசிக்குப் போய் மனைவியை விற்றான், மகனை விற்றான், கடைசியில் தன்னையே விற்றுக்கொண்டு சுடுகாட்டில் நின்றானே, அது எதற்காக? விஸ்வாமித்திரருக்குக் கொடுக்க வேண்டிய தட்சிணை பாக்கிக்காக! 'தருகிறேன் என்று எப்போது சொன்னேன்?' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரண்மனையிலேயே இருந்திருக்கலாம். பாக்கி வைக்க மாட்டேன் என்பதுதான் அவனுடைய சத்தியம். 'அவர் ஊரில் இல்லை' என்று நான் சொன்னேனே, அந்த ஒரே வாக்கியத்தில் பொய்யும் இருந்தது, பாக்கியும் இருந்தது.

நம் டெல்டாவிலேயே நாகூரும் இருக்கிறது, வேளாங்கண்ணியும் இருக்கிறது. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலி போய்ச் சேர வேண்டும் என்பது நபிமொழி. பொழுது சாய்வதற்குள் அன்றையக் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது பைபிளின் பழைய ஏற்பாடு. எல்லாருமே தொகையைவிட நேரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறார்கள்!

இந்த மண்ணின் பழைய வழக்கமும் அப்படித்தான். களத்து மேட்டில் நெல் தூற்றிப் பொலி குவிந்ததும், மரக்காலை எடுத்து 'லாபம்' என்று ஆரம்பித்து அளப்பார்கள். ஊர்த் தச்சர், கொல்லர், நாவிதர், சலவைத் தொழிலாளி ஆகியோருக்கு உரியதை அளந்து கொடுத்த பிறகே நெல் வீட்டுக்கு வண்டி ஏறும். அந்தப் பங்குக்குப் பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'! இனாம் இல்லை, தர்மம் இல்லை. அவர்களுக்கு உரியது. இன்றும் கிராமங்களில் மோட்டாருக்குக் காயில் கட்டினால் 'அறுவடைக்குத் தர்றேன்' என்று சொல்வது உண்டு. அதில் தவறில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட கெடு அது.

பெருமை மட்டும் பேசினால் பாதி உண்மைதான். வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கு இதே மண் சரியாக அளந்ததா? பண்ணையாள் கூலியை நிர்ணயிக்க 1952-ல் தஞ்சைக்கென்றே சட்டம் வர வேண்டியிருந்தது. அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, 44 உயிர்கள் தீயில் போயின. அதற்குப் பின்னால் இருந்த தகராறு கூலி நெல்லைப் பற்றியதுதான். மறு வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. என் 150 ரூபாயை அதோடு ஒப்பிடவில்லை; ஒப்பிடவும் கூடாது. ஆனாலும் கூலியைக் கேட்டு வருகிறவரைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற பழக்கம் எங்கிருந்து எனக்கு வந்தது என்று யோசிக்கும்போது, நான் பிறந்து வளர்ந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, மெக்கானிக்குகள் எல்லாரும் உத்தமர்களா? இல்லைதான். நன்றாக இருக்கிற பாகத்தையும் மாற்றிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றே நாளில் மறுபடி நின்றுபோகிற ரிப்பேரும் உண்டு. அதற்கு ஒளிந்துகொள்வது வழியில்லை. வரும்போதே 'பார்க்க எவ்வளவு, செய்ய எவ்வளவு' என்று கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சரியாக ஓடவில்லை என்றால் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே சொல்லுங்கள், சண்டைகூடப் போடுங்கள். 'சரிசெய்ய முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும்' என்று அவர் சொன்னாலும் விசிட்டிங் சார்ஜ் கொடுக்கத்தான் வேண்டும். டாக்டர் 'ஒன்றுமில்லை, போகலாம்' என்றால் ஃபீஸ் கொடுக்காமலா வருகிறோம்? பத்து நிமிஷத்தில் முடித்தாரே என்கிறோம். காதை வைத்த உடனே 'ரிலே' என்று சொல்ல அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! அந்த ரிலேயைக்கூட அவர் சொந்தக் காசில் வாங்கித்தான் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் கொடுத்த 200-ல் 180 பொருளுக்கே போய்விட்டது. மிச்சம் 20 ரூபாய். அதற்காக மூன்று தடவை சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார்.

சென்ற மாதம் பிரதோஷத்துக்குப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். நந்திக்கு அபிஷேகம் ஆகிற வரைக்கும் விமானத்தின் அடியில் கல்வெட்டுகள் பக்கமாக உட்கார்ந்திருந்தோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜ சோழன் வெட்டிவைத்தவை அவை. கோயிலுக்கு வேலை செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும், அவர்களோடு மேளம் வாசித்தவர், பாடியவர், விளக்கு ஏற்றியவர், தண்ணீர் தெளித்தவர், குயவர், சலவையாளர், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் எல்லாருக்கும் யாருக்கு எத்தனை பங்கு என்று இந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்றில் இருக்கிறது. ஒரு பங்கு என்றால் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் வருஷத்துக்கு 100 கலம் நெல். வேலை செய்தவர் இறந்துபோனால் அந்த வேலையும் பங்கும் அவருடைய நெருங்கிய உறவுக்குப் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

உடன் வந்த உறவினர் இதைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. மனசு உறுத்தும்போதெல்லாம் 'அந்த 150-ஐ உண்டியலில் போட்டுவிட்டால் தீர்ந்தது' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை 500 ரூபாயாகவே போட்டும் இருக்கிறேன். ஆனால் அது சுவாமிக்குக் கொடுத்தது; அவருக்குக் கொடுத்ததாகுமா?

மறுநாளே கீழவாசலுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எதிரே டீக்கடைப் பெரியவருக்கு அடையாளம் தெரிந்தது. "ஃபிரிஜ் பார்ப்பாரே, அவரா? அவர் போய் ஆறேழு வருஷம் ஆச்சும்மா. பையன் பாபநாசத்துல மோட்டாருக்குக் காயில் கட்டுறான்" என்றார். கடை இருக்கிற இடத்தையும் சொன்னார்.

வருகிற திங்கட்கிழமை திருச்சேறை போவதாக இருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். திங்கள் காலையில் பாபநாசம் பஸ். கவர் வாங்கி வைத்தாயிற்று. அதில் எவ்வளவு வைப்பது, அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.