கழட்டி வச்சிட்டுப் போ

நான் முதன்முதலில் ஷூ போட்டது 1986இல், பதினான்கு வயதில். அது என் ஷூ இல்லை, பள்ளிக்கூடத்து ஷூ. டிரில் மாஸ்டர் அறை பீரோவில், கிழிந்த வாலிபால் வலைக்கும் இரும்புக் குண்டுக்கும் நடுவே கிடந்த ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ். மாவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓட என்னைத் தேர்வு செய்திருந்தார்கள். வெறுங்காலிலேயே ஓடிப் பழகியவனுக்கு அது காலில் கட்டிய கல் மாதிரி இருந்தது. பழகட்டும் என்று ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் மாஸ்டர். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் சேரிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். அந்தத் தெரு முனையில் ஷூவைக் கழட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வேன். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வேன். யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் என்னிடம் சொல்லவுமில்லை. எங்கப்பன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை.

முதலாவதாக வந்தேன். மறுநாள் பிரேயரில் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள், என் பெயரையும் சொன்னார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு மாஸ்டர் அறைக்குப் போனேன். "ஷூவத் தொடச்சி, கழட்டி வச்சிட்டுப் போடா" என்றார். அவர் கெட்டவர் இல்லை, இருப்புப் பதிவேட்டில் எழுதியிருந்த பொருள் அது. அடுத்த மாதம் 400 மீட்டருக்குத் தேர்வான பையனின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, வேறு ஜோடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஏன் கேட்டார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு நிதியிலிருந்து புது ஜோடி வாங்கினார்கள். பழையது பீரோவிலேயே கிடந்து எலி தின்றது.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் உண்டு. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒலிம்பிக்ஸ் வரும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஓர் ஒப்பாரி கிளம்பும். இத்தனை கோடி சனத்தொகையில் இத்தனைதான் பதக்கமா, வீரர்களுக்கு ஆதரவு இல்லை, மைதானம் இல்லை, காசு இல்லை என்று. பொய்யில்லை, அத்தனையும் உண்மை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அங்கே தனக்குக் கிடைத்தது கஞ்சியும் ஊறுகாயும்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். 2016இல் ரியோ மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்து மயங்கி விழுந்த ஓ.பி. ஜெய்ஷா, வழியில் இந்தியாவின் மேசையில் தண்ணீர் தரக்கூட ஆளில்லை என்றார். அவர்தான் வேண்டாம் என்று சொன்னார் என்று சம்மேளனம் மறுத்தது. வெயிலில் 42 கிலோமீட்டர் ஓடுகிறவள் தண்ணீர் வேண்டாம் என்றாளாம், நாம் நம்ப வேண்டுமாம்.

ஆனால் இந்தச் சொல்லாடல் முழுக்க ஓடுவதற்கு முந்திய ஆதரவைப் பற்றியது. ஷூ, முட்டை, பயிற்சியாளர், விமான டிக்கெட். இதெல்லாம் கொடுத்தால் பதக்கம் வரும், கொடுக்காததால் வரவில்லை என்கிற வரவு செலவுக் கணக்கு. நான் கேட்க நினைப்பது வேறு. ஒருத்தியைத் தன் கொடியின் பேரில் ஓட அனுப்பிய நாடு, அவள் விழும்போது அவளுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? ஜெயிக்கிறவளுக்குக் கொடுப்பது பரிசு, ஜெயிக்கப்போகிறவளுக்குக் கொடுப்பது முதலீடு. இரண்டும் பதக்கத்தைப் பார்த்துக் கொடுப்பவை. ஆளைப் பார்த்துக் கொடுப்பதற்கு இந்த நாட்டிடம் என்ன இருக்கிறது?

சாந்தி சௌந்திரராஜனை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குள் போக முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. எனக்கும் அந்த மாவட்டம்தான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். சூளை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்பணம் வாங்கிவிட்டால் குடும்பமே அங்கே போய்விடும், விடிவதற்கு முன்னால் மண் மிதிக்க வேண்டும், அறுத்த கல்லுக்குத்தான் கூலி, மழை வந்து பச்சைக்கல் கரைந்தால் அந்த நாள் உழைப்பும் கரைந்தது. அந்த வீட்டில் மூத்த பெண். ஓடச் சொல்லிக்கொடுத்து முதல் ஷூ வாங்கித் தந்தது அவருடைய தாத்தா என்று படித்திருக்கிறேன். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நாடு வாங்கித் தரவில்லை, தாத்தா வாங்கித் தந்தார்.

2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டுப் போட்டி. 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி சாந்தி இரண்டாவதாக வந்தார். வெள்ளிப் பதக்கம். அதற்கப்புறம் ஒரு அறைக்குக் கூட்டிப்போய் மருத்துவர்கள் அவர் உடம்பைச் சோதித்தார்கள். பெண்தானா என்று பார்க்கும் சோதனை. எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாகச் செய்துவந்த அந்தச் சோதனையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இலேயே கைவிட்டிருந்தது. சந்தேகப்பட்டால் பார்க்கலாம் என்பது மட்டும் மிச்சம் இருந்தது. சந்தேகம் யார் மேல் விழும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்? சில நாளில் செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. ஒரு பெண்ணின் உடம்புக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை நாடு முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது. இனி நீ ஓட முடியாது என்று இந்தியத் தரப்பிலிருந்து போனில் சொன்னார்கள் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதக்கம் போனது. தமிழ்நாட்டில் அன்றைய கலைஞர் அரசு, பதக்கம் போன பிறகும், 15 லட்ச ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தது. அதை மறைத்துப் பேசுவது யோக்கியமில்லை. ஆனால் அவர் கேட்டது பணம் இல்லையே. அவர் இழந்தது பெயர். 2012இல் அவர் அதே செங்கல் சூளையில் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அது செய்தியாக வந்த பிறகுதான் தில்லிக்கு நினைவு வந்தது. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, அப்புறம் தமிழ்நாட்டு விளையாட்டு ஆணையத்தில் வேலை. பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இன்றைக்கும் இல்லை.

'சர்வதேச விதி அது, இந்தியா என்ன செய்ய முடியும்' என்பார்கள். இந்த வாதத்தை நானும் கொஞ்ச காலம் நம்பினேன். நம்பிக்கையை உடைத்தது இரண்டு சம்பவங்கள்.

2009 ஆகஸ்டில் பெர்லினில் உலக சாம்பியன் போட்டி. அதே 800 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா தங்கம் வாங்கினார். அதே சந்தேகம், அதே சோதனை, அதே மாதிரி ஊருக்கெல்லாம் கசிந்த செய்தி. ஆனால் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் சனங்கள் திரண்டு பாட்டோடு வரவேற்றார்கள். அந்த நாட்டின் அதிபரே அழைத்துப் பாராட்டினார். எங்கள் பெண்ணைத் தொடாதே என்று ஒரு தேசமே பேசியது. (அங்கேயும் எல்லோரும் உத்தமர்கள் இல்லை. அவர்கள் சங்கமே அவருக்கு விஷயத்தைச் சொல்லாமல் முன்கூட்டிச் சோதனை செய்துவிட்டு, பிறகு செய்யவில்லை என்று பொய் சொன்னது.) செமென்யா அந்தத் தங்கத்தை இழக்கவில்லை. மறுவருஷம் திரும்பவும் ஓடினார். 2019இல் விதிக்கு எதிரான வழக்கில் தோற்றார் என்பது உண்மை. ஆனால் தனியாகத் தோற்கவில்லை.

இரண்டாவது நம் நாட்டிலேயே நடந்தது. ஒடிசாவின் துத்தி சந்த். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் போக இருந்தவரை, உடம்பில் ஒரு ஹார்மோன் கூடுதல் என்று நிறுத்தினார்கள். இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையம் துணைக்கு நின்றது. ஸ்விட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. 2015 ஜூலையில் அந்த விதியையே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2016இல் அவர் ரியோவில் ஓடினார். அந்த நீதிமன்றம் 2006லும் இருந்தது, வக்கீல்களும் இருந்தார்கள். தோகாவிலிருந்து திரும்பிய பெண்ணுக்காக அந்தக் கதவைத் தட்டலாம் என்று ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை. எட்டு வருஷத்தில் தோன்றியிருக்கிறது, நல்லது. அந்தப் புத்தி வருவதற்கு ஆன செலவை யார் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

எல்லாவற்றையும் சாதியில் கொண்டுபோய் முடிச்சுப் போடாதே என்று சிலர் சொல்வார்கள். நான் முடிச்சுப் போடவில்லை, முடிச்சு ஏற்கெனவே இருக்கிறது. பல்வாங்கர் பாலு புனேயில் ஆடுகளத்துக்கு உருளை தள்ளிய தலித் இளைஞர். வெள்ளைக்காரர்களை ஜெயிக்க இந்துக்களின் கிரிக்கெட் அணிக்கு அவருடைய பந்து தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தைக் களத்தில் எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். இந்து அணிக்குத் தலைவராக மட்டும் கடைசிவரை ஆக்கவில்லை. (1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் அவர். அரசியலில் நமக்கும் அவருக்கும் ஒட்டாது. அது வேறு கணக்கு, குவளைக்கணக்கு வேறு.) நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. புதுசு என்னவென்றால், ஒரு ஆளின் திறமையைத் தொட்டுக்கொண்டே ஆளைத் தொடாமல் இருக்க முடியும் என்பதை மைதானத்தின் நடுவில் வைத்து நடத்திக் காட்டியதுதான்.

110 வருஷம் கழித்து, 2021 டோக்கியோ. ஹாக்கியில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்ஸில் அப்படிப் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். பயிற்சி முகாமில் இருந்ததால் அந்த வருஷம் செத்துப்போன அப்பாவின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. அன்றைக்கு ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடி, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றோம் என்று சாதியைச் சொல்லித் திட்டியதாக அவர் குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. நான் சொன்ன கணக்கு இதுதான். மூன்று கோல் நாட்டுக்கு, தோல்வி அவளுடைய சாதிக்கு.

எங்கள் வட்டத்தில் ஒரு தோழர் இருக்கிறார். இதையெல்லாம் நான் பேசினால் கோபப்படுவார். "தேசியமே ஒரு பித்தலாட்டம்ங்கிறோம். அப்புறம் அந்தக் கொடிக்காக ஓடுனவளுக்கு அந்தக் கொடி எதுவும் செய்யலன்னு எதுக்கு அழுவணும்? பஞ்சமி நிலத்தக் கேளுய்யா, மெடலையா கேக்குறது?" என்பார். லேசான கேள்வி இல்லை. நானும் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

அவரிடம் நான் சொல்வது இதுதான். நம் சனங்களின் ஓட்டம் நேற்று வந்தது இல்லை. சாவுச் செய்தி சொல்ல ஊர் ஊராக ஓடியவர்கள் நாம்தான். அந்த ஓட்டத்துக்குக் கூலியும் கிடையாது, நேரம் குறித்தவனும் கிடையாது. முதல் தடவையாக ஒரு கடிகாரம் நம் பெண்ணின் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடி என்று குறித்தது. அது கொடியின் நேரம் இல்லை, அவளுடைய நேரம். நிலம் எப்படி நம் உழைப்போ அப்படி அதுவும் நம் உழைப்பு. அதைப் பிடுங்கும்போது பேசாமல் இருந்தால் நிலத்தைப் பற்றி எந்த வாயால் பேசுவது? 'ஆதரவு' என்கிற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. அநாதைக்குக் கொடுப்பது மாதிரி ஒலிக்கிறது. நான் கேட்பது கூலி பாக்கி.

தோழர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ ஓடுனவன், அதான் ஒனக்கு அப்படித் தோணுது" என்றார். இருக்கலாம்.

அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர். கணக்குப் பாடம்தான், ஆனாலும் டிரில் சார் பணியிடம் காலியாக இருக்கும்போது விளையாட்டுப் பொருள்கள் என் பொறுப்பில் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடி ஜெயித்துவிட்டு வந்தாள். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, "ஷூவக் கழட்டி பீரோவுல வச்சிட்டுப் போம்மா" என்று நானே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவள் அதற்குள் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அவள் மறுபடியும் ஓடினாள். அந்த ஜோடிக்கு நேராகப் பதிவேட்டில் 'உபயோகத்துக்கு லாயக்கில்லை, கழிவு செய்யப்பட்டது' என்று எழுதினேன். நல்ல ஷூதான். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.