கீழிருந்து, மேலிருந்து

ஆடிக் காற்று. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம். அதன் வழியே வந்து கோவை சிங்காநல்லூரில் போர்டிகோ தரையெல்லாம் மண் தூவுகிறது.

இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும். இன்றே என்றில்லை.

*

10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. வண்டியோடு வந்த புத்தகம் சொல்கிறது. கிலோமீட்டர் பாதிகூட ஆகவில்லை. ஆண்டு ஆகிவிட்டது.

ஹோப்ஸ் வரை போய்த் திரும்பும் சின்ன ஓட்டங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறும் முன்பே சாவியைத் திருப்பிவிடுகிறேன். எரியாத பெட்ரோல் கொஞ்சம், ஈரம் கொஞ்சம், ஆயிலுக்குள் இறங்கித் தங்குகின்றன. ஊட்டி வரை போயிருந்தால் ஆவியாகி வெளியேறியிருக்கும்.

நிற்கிற வண்டிக்கும் வயது ஏறுகிறது.

*

ஆயில் ஸ்டிக்கை உருவுகிறேன். துடைக்கிறேன். விட்டு, மறுபடி எடுக்கிறேன்.

கறுப்பு. கரியை இரும்பில் படியவிடாமல் தன்னோடு சுமப்பது ஆயிலின் வேலை. வேலை செய்திருக்கிறது.

தீய்ந்த மணம், லேசாக.

*

துடைத்த துணி, பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டி மிஞ்சியது. ஒரு கைக்குழியின் வளைவு இதில் அப்படியே இருக்கிறது.

*

இரண்டு வழிகள்.

கீழே படுத்து, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் டிரெயின் நட்டைக் கழற்றலாம். மேலே நின்று, ஸ்டிக் போகும் குழாய்க்குள் மெல்லிய டியூபை இறக்கி, கைப் பம்பால் உறிஞ்சலாம்.

ஒன்றில் பூமி இழுக்கிறது. மற்றதில் என் கை.

*

டியூபின் நுனி அடியைத் தொட வேண்டும். தொட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு ஒரு சிறு தடை தெரியும். கொஞ்சம் உயர்ந்தாலும் காற்றை உறிஞ்சும் சத்தம். உள்ளே வளைந்துகொண்டால் பாதி ஆயில் அங்கேயே நின்றுவிடும்.

சேம்பரின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு டியூப் எட்டினால் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். எல்லா வண்டியும் அப்படி அமைந்ததில்லை.

அடியில் படிந்த வண்டல் கொஞ்சம் வரும். கொஞ்சம் தங்கும்.

படகு இன்ஜினுக்குக் கீழே ஆள் படுக்க இடம் கிடையாது. அங்கே பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறார்கள். இதைச் சோம்பலின் வழி என்று நினைக்க மனம் வரவில்லை.

*

ஃபில்டர் கீழே இருக்கிறது. சில வண்டிகளில் மேலேயே கைக்கு எட்டும். இதில் எட்டாது.

மேலிருந்து உறிஞ்சினாலும் ஃபில்டருக்காக ஒரு முறை கீழே போகத்தான் வேண்டும். இது நினைவுக்கு வந்ததும் பம்பு விலகிப்போகிறது.

*

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஜாக்கி ஒன்றே தாங்கும் வண்டிக்கு அடியில் உடம்பு போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஹாலோ பிளாக்கும் வேண்டாம். அது முன்கூட்டிச் சொல்லாமல் நொறுங்கும்.

இரும்பு ஸ்டாண்ட் இரண்டு. சமதளம். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக். அதன்பின் வண்டியைக் கையால் ஒரு முறை அசைத்துப் பார்ப்பது. பிறகுதான் தலையைக் குனிவது.

முன்பக்கம் உயர்ந்த வண்டியில் ஆயில் பின்னால் சாய்கிறது. நட் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் குழி இருக்கிறது. அங்கே நின்றுகொண்டே வேலை செய்யலாம். வீட்டில் குழி இல்லை. தோட்டத்து மேட்டில் நிறுத்தினால் அடியில் இடம் கிடைக்கும். ஆனால் அந்த இடம் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

வேண்டாம்.

*

வண்டியைத் தூக்காமல், ஓரமாகப் படுத்துப் பார்க்கிறேன்.

சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறுகிறது. காதருகே மண் நகரும் சத்தம். சிறுவாணி ரோட்டுச் சேறு அங்கங்கே காய்ந்து ஒட்டியிருக்கிறது. இத்தனை நாள் ஓட்டியும் இந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

சேம்பரின் ஓரத்தில் நட்.

மூச்சு போகிறது. வருகிறது.

*

அலுமினியச் சேம்பரின் மரை மென்மை. நட் இரும்பு. வேகமாக முறுக்கினால் தோற்பது மரைதான். முதல் சில சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும்.

வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. நசுங்கித்தான் அது அடைக்கிறது.

ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தொட்டுத் தடவுவது. வளையம் உட்கார்ந்தபின் இன்னும் முக்கால் சுற்று, கையாலேயே.

*

பக்கத்துத் தெருவில் லேத் ஓடத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் காது அதை விட்டுவிடுகிறது.

கலங்கல் இங்கிருந்து தூரமில்லை. 1893இல் ஜி.டி. நாயுடு பிறந்த ஊர். இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டிப் பார்த்தவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் ஓட்டியவர். அவர் கையில் முதல் ஸ்பேனர் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அதன் எடை. அதன் குளிர்ச்சி.

*

ஆறிய ஆயில் தயங்கும். கொதிக்கிற ஆயில் தோலைச் சுட்டுவிடும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, காத்திருக்க வேண்டும். வெதுவெதுப்பு எப்போது வருகிறதோ அப்போது.

எந்த வழியானாலும் இந்தக் காத்திருப்பு உண்டு.

கையுறை வேண்டும். பழைய ஆயில் தோலில் தங்கக் கூடாத பொருள். எத்தனையோ மெக்கானிக்குகளின் நகக்கண்ணில் அது வருஷக்கணக்காக இருக்கிறது.

*

பழைய ஆயில் சுமார் 3 லிட்டர்.

வாசலோரம் மழைநீர் போகும் சாக்கடை. சிந்தினால் அதற்குள்தான் இறங்கும். ஊரின் குறுக்கே வரும் சங்கனூர்ப் பள்ளமும் சிங்காநல்லூர்ப் பக்கம்தான் வந்து சேர்கிறது. இங்கே குளம். குளத்தில் நாமக்கோழிகள். குளத்தை ஒட்டி நொய்யல்.

வெள்ளியங்கிரியில் புறப்பட்ட தண்ணீர். சூலூர், திருப்பூர், ஒரத்துப்பாளையம். கரூர் மாவட்டத்தில் காவிரி.

ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது. 1992இல் திறந்தார்கள். திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல ஒரு விவசாயிக்கு எப்படி வாய் வந்திருக்கும். இதை எழுதும்போது கை நிற்கிறது.

இந்த 3 லிட்டர் அதன் முன்னால் சிறிது. சிறிதானாலும் ஆயில் தண்ணீரில் கரைவதில்லை. மெலிந்து, விரிந்து, மேலே நிறம் காட்டி நிற்கிறது.

*

பழைய ஆயிலைக் கரையான் ஏறாமலிருக்க மரத்தில் பூசுவார்கள். சென்ட்ரிங் பலகையில் தடவுவார்கள். பூசிய மரம் மழையில் நிற்கிறது. மழை மண்ணுக்குள் போகிறது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு போர்வெல்.

சட்டம் இந்த ஆயிலை அபாயகரக் கழிவு என்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகள். 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயில் மறுசுத்திகரிப்புக்குப் போவதில் ஆயில் தயாரிப்பவருக்கும் பொறுப்பு உண்டு. சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாகிறது. பெரும்பாலும் தீர்ந்துபோவது அதில் கலந்த சேர்மானங்கள்தான்.

*

எந்த வழியில் சிந்தாது.

கேள்வி தானாக இப்படி மாறியிருக்கிறது.

உறிஞ்சினால் நேராக டப்பாவுக்குள் போகும். கீழே, கடைசிச் சுற்றில் நட் விரலை விட்டு நழுவும். முதல் தாரை தட்டைத் தாண்டிப் பாயும். காற்று அதை இன்னும் வளைக்கும்.

பம்பு திரும்பி வருகிறது.

கீழே விட்டால் வண்டலும் இறங்கும். அதுவும் உண்மை. அகலமான தட்டு, அடியில் பழைய தார்ப்பாய், காற்று எழாத விடியல். இப்போதைக்கு மனம் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. சாய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

ஒண்டிப்புதூரில் ஒரு ஒர்க்‌ஷாப். வாசலில் பேரல். வீட்டில் மாற்றிய ஆயிலை வாங்கிக்கொள்வாரா என்று அங்கிருப்பவரிடம் கேட்கிறேன்.

"கொண்டாங்க, அதுலயே ஊத்திக்கலாமுங்க."

அங்கிருந்து எங்கே போகும்.

"வண்டி வந்து எடுத்துட்டுப் போயிருமுங்க."

எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை. வண்டி வருவது புதன்கிழமை, பத்து மணிக்கு மேல். புதனன்று போய் வண்டிக்காரரிடமே கேட்க வேண்டும்.