ஐயத்துக்கும் ஓர் இடம்

காரைக்குடிக்கு அண்மையில் கோவிலூரில் வேதாந்த மடமும் குன்றக்குடியில் சைவ சித்தாந்த ஆதீனமும் இருப்பதனால், நாமரூபங்கள் மெய்யா, வெறும் தோற்றமா என்னும் வாதம் செட்டிநாட்டுச் சீமைக்குப் புதிதன்று. ஆயினும், கருப்பை வாயிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் கண்ட மருத்துவர், 'இயல்புக்கு மாறானவை' என்று மட்டும் எழுதி நிறுத்தும்போது, அந்தப் பெண்மணியை நோயாளி என்பதா, நோயற்றவள் என்பதா என்ற கேள்வியில் அந்தப் பழைய வாதம் மறுபடியும் உயிர் பெறுகிறது.

உலகத்து மருத்துவமனைகள் வியாதிகளுக்குப் பெயரும் எண்ணும் இடுவதற்குக் கையாளும் பட்டியலின் மூலப் பிரதி, 1893-இல் ஜாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த மரணக் காரணங்களின் அட்டவணை. இறந்தவர்களைக் கணக்கெடுக்கப் பிறந்த அந்த ஏட்டை 1948-இல் உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்டபோது, உயிரோடிருப்போரின் பிணிகளும் அதில் இடம்பெற்றன. அதன் பத்தாம் பதிப்பில் நம் பொருளுக்குரிய படிகள் நான்கு: முடிவு தெரியாத மாறுதலுக்கு ஆர் 87, திசுவை வெட்டிச் சோதித்து, அணுக்கள் உருத்திரிந்திருப்பதை உறுதி செய்தால் என் 87, புற்று தோன்றியும் தன் இடத்தைவிட்டுப் பரவாத நிலைக்கு டி 06, பரவத் தொடங்கிய கருப்பை வாய்ப் புற்றுக்கு சி 53.

இவற்றுள் என் சிந்தையைக் கவர்வது முதற்படியே. நோய்களை எண்ணப் புகுந்த நூல், நோயென்று துணியக்கூடாத ஒன்றுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பது சாமானிய விவேகமன்று. நியாய தரிசனம் தன் பதினாறு பதார்த்தங்களில் சம்சயத்தை மூன்றாவதாக வைத்து, நிர்ணயத்தை ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளியது. அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் ஐயக்காட்சியைத் திரிபுக்காட்சியினின்றும் பிரித்தே பேசுகிறார். ஐயம் வேறு, பிழை வேறு. நகரத்தார் கணக்கு வழக்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: வந்த தொகை யாருடையதென்று தெரியும்வரை அதை வரவிலும் சேர்க்காமல், தள்ளியும் விடாமல், அனாமத்தில் எழுதி வைப்பதல்லவா கணக்கப்பிள்ளையின் நேர்மை!

அந்த நேர்மை மருத்துவ ஏட்டில் இரு விதமாகக் கெடுகிறது. காப்பீட்டுத் தொகை எளிதில் கிடைக்கட்டும் என்றோ, அவசரத்தாலோ, ஆர் என்று எழுதவேண்டிய இடத்தில் என் என்றோ டி என்றோ எழுதிவிட்டால், ஒரு பெண் தன் வாழ்நாள் முழுதும் சுமக்கவேண்டிய அச்சத்துக்கும், சில வேளைகளில் வேண்டாத அறுவைக்கும் அந்த ஒற்றை எழுத்து வித்தாகிவிடுகிறது. ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவது மற்றொன்று. கனிவின் வேடத்தில் வருவதால் இதுவே அதிக அபாயகரமானது.

கேடு மருத்துவர் பக்கம் மட்டுமில்லை. 'எல்லாம் வினைப்பயன்' என்று சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொள்ளும் ஆச்சிமார்களை நான் அறிவேன். அவர்களுக்கு அவர்களுடைய சித்தாந்தத்தைக் கொண்டே விடை சொல்லலாம். அனுபவித்தே தீர வேண்டுவது பிராரப்தம். சேர்ந்து கிடக்கும் சஞ்சிதமோ, பலன் தரத் தொடங்குமுன்பே குருவின் தீக்கையால் எரிந்துபோகும் என்பதல்லவா சைவம் கற்பித்தது? கருப்பை வாயில் தோன்றும் இலேசான மாறுதல்களில் பெரும்பாலானவை சிகிச்சையின்றியே தணிந்துவிடுகின்றன. தணியாதவை புற்றாக முதிர்வதற்கும் பல ஆண்டுகள் ஆகின்றன. அவகாசமுள்ள ஒன்றைப் பிராரப்தம் என்று சொல்லிக் கைகட்டி இருப்பது மருத்துவத்துக்கு மட்டுமன்றிச் சமயத்துக்கும் ஒவ்வாது.

அவகாசத்தைப் பயன்படுத்தினால் என்ன விளையும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மை படர்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். ஐயத்துக்குரியவர்கள் மேற்சோதனைக்கும் சிகிச்சைக்கும் உட்பட்டார்கள். 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்த அதன் முடிவின்படி, அத்தகைய பரிசோதனை நடைபெறாத ஊர்களோடு ஒப்பிடும்போது, இந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த மரணம் சுமார் 35 விழுக்காடு குறைந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து, அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆகவே, குறியீடு எழுதுவோர் ஐயத்தை ஐயமாகவே எழுதட்டும். 30 வயது கடந்த நம் வீட்டுப் பெண்கள் பரிசோதனைக்குப் போகட்டும். சீட்டில் மாறுதல் என்று இருந்தால், மறுபடி எப்போது வரவேண்டும் என்ற தேதியைக் கேட்டு வாங்காமல் மருத்துவமனைப் படி இறங்கவேண்டாம்.