யாருக்காக நடிக்கிறாய்?

நேற்று அலுவலகக் கூட்டத்தில் வாய் வரை வந்த யோசனையை ஏன் விழுங்கினாய்?

பத்து நிமிடம் கழித்து அதையே பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீயும் ஆட்டினாய்!

ஏன்? நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றா?

அந்த நாலு பேருக்காக எத்தனை வருடமாக நடிக்கிறாய்? சத்தம் போட்டுச் சிரிக்க மாட்டாய். சம்பள உயர்வு கேட்க மாட்டாய். கடை வைத்திருக்கிறாயா? உன் சொந்தக் கடை, உன் சொந்தக் கல்லா. ஆனால் சரக்கு போடுகிறவர் விலை பேசினால், "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறாய்!

இதற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறாய். இல்லை. இது பயம்!

பயம் என்றால் என்னவென்று தெரிய வேண்டுமா? பிரான்காச்சோவுக்கு வா.

இத்தாலியின் சிசிலித் தீவு. அதன் தலைநகர் பாலெர்மோ. அந்த நகரத்தின் ஒரு பேட்டைதான் பிரான்காச்சோ. மாஃபியா வைத்ததே சட்டம் என்றிருந்த இடம். கடை திறந்தால் மாமூல். கண்ணால் கண்டதைச் சொன்னால் தோட்டா.

1990இல் அங்கே பங்குத்தந்தையாக வந்தார் பினோ புலிசி. தெருவில் திரிந்த பிள்ளைகளை மாஃபியாவின் கையில் சிக்காமல் மீட்கப் பார்த்தார். பேட்டைக்கு ஒரு நடுநிலைப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்.

1993 செப்டம்பர் 15. அவருடைய 56ஆவது பிறந்தநாள். வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

அவரைக் கொன்றார்கள். அவர் கேட்டதைக் கொல்ல முடிந்ததா? பிரான்காச்சோவுக்குப் பள்ளி வந்தது. அவர் பெயரையே தாங்கி நிற்கிறது!

சுட்டுவிடுவார்கள் என்று தெரிந்தும் அவர் பேசினார். முகம் சுளிப்பார்கள் என்று நீ பேசாமல் இருக்கிறாய். யோசித்துப் பார்!

"அவர் ஆண், சாமியார், தனிக்கட்டை. நான் பெண். எனக்குக் குடும்பம் இருக்கிறது" என்கிறாயா?

சரி. அதே பாலெர்மோவில் பிறந்த ஒரு பெண்ணைக் காட்டுகிறேன்.

லெத்திசியா பத்தாலியா. பிறந்தது 1935இல். சிறுமியாக இருந்தபோது தெருவில் ஒருவன் அசிங்கமாக நடந்துகொண்டான். தண்டனை யாருக்கு? அவளுக்கு! அப்பா வீட்டுக்குள் அடைத்தார். வெளியே போக வழி தேடி 16 வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். அதுவும் இன்னொரு கூண்டு. மூன்று பெண் பிள்ளைகள்.

நம் ஊர்க் கதை மாதிரி இருக்கிறதா? இருக்கும். கூண்டுக்கு நாடு ஏது?

1971இல் அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வந்தார். அப்போது வயது 36. பட்டம் கிடையாது. பயிற்சி கிடையாது. பத்திரிகைக்கு எழுதப் போனார். கட்டுரையோடு படமும் வேண்டும் என்றார்கள். கேமராவைத் தூக்கினார். தொழிலை வேலை செய்துகொண்டே கற்றார்!

1974இல் பாலெர்மோவின் 'லோரா' நாளிதழில் புகைப்படப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அந்த ஊரில் அது ஆண்களின் வேலை. மாஃபியா கொலை நடந்தால் ஓட வேண்டும். இரவு பகல் கிடையாது.

அந்தக் காட்சியைப் பார். ரோட்டில் பிணம். சுற்றிலும் போலீஸ். ஆண் நிருபர்களைக் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறார்கள். இவரை மட்டும் தடுக்கிறார்கள். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?

அவர் ஓரமாக நின்று கெஞ்சவில்லை. கத்தினார்! ரகளை செய்தார்! கடைசியில் துப்பறியும் பிரிவின் தலைவர் போரிஸ் ஜூலியானோவே அவரை உள்ளே விடச் சொன்னார். அன்று முதல் அவர் பத்திரிகைக்காரர். வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

நீ எத்தனை வாசலில் வாய் திறக்காமல் திரும்பி வந்திருக்கிறாய்?

பயம் இல்லாமலா செய்தார்? மிரட்டல் வந்தது. ஊரை விட்டுப் போ என்றார்கள். கை நடுங்கியிருக்கும். ஆனாலும் 1979இல், மாஃபியாவின் கோட்டையான கொர்லியோனே ஊரின் நடுச்சதுக்கத்திலேயே கொலைப் படங்களைப் பெரிது பெரிதாக வைத்தார். பயந்தவர்தான் வைத்தார். பயத்தோடு வைத்தார்!

பயம் போகட்டும், பிறகு பேசுகிறேன் என்கிறாயே. பயம் போகாது. நீதான் போக வேண்டும், அதையும் கூட்டிக்கொண்டு!

பிரான்காச்சோவின் கடைக்காரர் மாஃபியாவுக்குக் கட்டினாரே மாமூல், நீயும் அதைத்தான் கட்டுகிறாய். பணமாக அல்ல. உன் குரலாக, உன் கருத்தாக, உன் சிரிப்பாக! மாதா மாதம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறாய். மாமூல் கேட்பவன் என்றைக்காவது போதும் என்று சொன்னதுண்டா?

1991இல் பாலெர்மோவின் ஆடைத் தொழிற்சாலை முதலாளி லிபேரோ கிராசி, மாமூல் தர மாட்டேன் என்று நாளிதழில் பகிரங்கக் கடிதமே எழுதினார். அந்த ஆகஸ்டில் அவரைக் கொன்றார்கள். மனைவி பீனா மைசானோ கதவைச் சாத்திக்கொண்டு அழுதாரா? அடுத்த ஆண்டே இத்தாலியின் செனட்டில் போய் உட்கார்ந்தார்!

"தோற்றுவிட்டால்?" என்கிறாய்.

தோற்பாய்! லெத்திசியாவும் துவண்டார். 1992இல் நீதிபதி ஃபால்கோனேயை மாஃபியா குண்டு வைத்துக் கொன்றபோது அவரால் கேமராவை எடுக்க முடியவில்லை. எடுத்த படங்களை விட, எடுக்காமல் விட்ட படங்கள்தான் தன்னை அதிகம் வதைக்கின்றன என்று பின்னாளில் சொன்னார்.

கேட்டாயா? பேசியதற்காக வரும் வருத்தம் நாலு நாளில் ஆறும். பேசாமல் விட்டது ஆயுசுக்கும் அரிக்கும்!

"வயசாயிடுச்சு" என்ற வார்த்தையை இனி சொல்லாதே. உலகப் புகழ்பெற்ற யூஜின் ஸ்மித் புகைப்பட விருது லெத்திசியாவுக்குக் கிடைத்தது 1985இல், 50 வயதில். பாலெர்மோவில் புகைப்பட மையம் திறந்தது 2017இல், 82 வயதில். அந்த வயதிலும் தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு நடந்தார். 2022இல் காலமானார். கடைசி வரை அவராகவே இருந்தார்!

உனக்கு எவ்வளவு வயது? 28? 41? வெட்கமாக இல்லையா, முடிந்துவிட்டது என்று சொல்ல?

பாலெர்மோவில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஈழத்துச் சகோதரியே, உனக்கும்தான் சொல்கிறேன்! மலை ஏறிப் போய் நீ மெழுகுவர்த்தி ஏற்றுகிறாயே, அந்தப் புனித ரொசாலியா யார்? சொகுசான வீட்டை உதறி, தன் மனம் சொன்ன வழியில் போனவள் என்பதுதானே அவள் கதை? கும்பிட்டால் மட்டும் போதுமா? மொழி தெரியாத ஊரில் காலூன்றிய உனக்கு, "எனக்கென்ன தெரியும்" என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

ஒன்றை மறக்காதே. நீ நீயாக இருப்பது என்றால் வாய்ச்சவடால் இல்லை. லெத்திசியா கத்தி உள்ளே போனார். போன பிறகு வேலையைக் காட்டினார்! தொழிலைக் கரைத்துக் குடி. கணக்கை நீயே பார். ஒப்பந்தத்தை வரி விடாமல் படி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேள். தெரிந்ததைத் தெரியும் என்று நிமிர்ந்து சொல்.

ஆணைப் போலக் குரலை மாற்றாதே. நல்ல பெயருக்காகக் குரலை இறக்காதே. உன் ஊர்ப் பேச்சோடு பேசு. உன் சேலையோ சட்டையோ, உனக்குப் பிடித்ததை உடுத்து. விலையைச் சொல்லும்போது தரையைப் பார்க்காதே!

சிலர் முகம் திரும்பும். திரும்பட்டும். உன் நடிப்பை மட்டும் விரும்பியவர்கள் உன்னை எப்போது விரும்பினார்கள்?

நாளைக்குக் கூட்டம் இருக்கிறதா? முதல் ஆளாகப் பேசு. சம்பள உயர்வு பாக்கியா? தொகையைச் சொல்லிக் கேள். சரக்குக்காரர் வருகிறாரா? நீயே விலை பேசு, நீயே முடி!

யாரிடமும் அனுமதி கேட்காதே. எழுந்திரு. பேசு!