பொய்யா, பயிற்சியா?

நாற்காலிகள் நான்கு, அவையே பெட்டிகள். வேப்பிலைதான் பயணச் சீட்டு. தகர மூடி ஒன்றைப் பிடித்தவன் ஓட்டுநன். தாம்பரத்தை அடுத்த ஓர் அங்கன்வாடியில், நான்கு அகவைச் சிறார்கள் கடற்கரைக்கு மின்சார இரயில் ஓட்டிக் கொண்டிருந்ததைக் கண்டு நின்றோம்.

உடன் வந்த தோழர் முகஞ் சுளித்தார். பகுத்தறிவிலே ஊறியவர். “இல்லாததை இருப்பதாக எண்ண வைப்பது புராணிகன் தொழிலாயிற்றே! அதைப் பள்ளியிலுமா பயிற்றுவது?” என்றார்.

தள்ளிவிடத் தக்க கேள்வியன்று. மரியா மாண்டிசோரி அம்மையாரும் ஏறத்தாழ இக் கருத்தினரே. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் அடையாறு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்நாட்டிலே தங்கி, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் அவர். பொம்மைத் துடைப்பம் வேண்டா, பிள்ளையின் கைக்கேற்ற மெய்யான துடைப்பத்தையே கொடு. மாயக் கதைகளை மழலைப் பருவத்தில் திணிக்காதே — இதுவே அம்மையாரின் நெறி. உழைப்பை மதிக்கும் நெறி. நாமும் அதனை மதிக்கிறோம். முழுதும் ஏற்கத்தான் இயலவில்லை.

ஏன்? மணலைச் சோறென்று படைக்கும் சிறுமி, மறந்தும் அதை விழுங்குவதில்லை. மணல் மணலே என்பதை அறிவாள்; அறிந்தே ஆடுகிறாள். பொய் என்றால் ஏமாறுபவன் ஒருவன் வேண்டுமே! இங்கே ஏமாறியவர் எவர்? ஆட்டம் முடிந்த பின்னும் வேடம் கலைக்காத பெரியவர்களைக் குறித்தன்றோ தோழர் கவலை கொள்ள வேண்டும்!

உருசிய உளநூல் அறிஞர் வைகாட்ஸ்கி, 1933இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் இதனை ஆராய்ந்தார். குச்சியைக் குதிரையாக்கும் பிள்ளை, பொருளினின்றும் கருத்தைப் பிரித்தெடுக்கக் கற்கிறது என்றார். குச்சி குதிரையாகாத உள்ளத்திலே, நாளைக்குச் சில கோடுகள் ‘அ’ என்னும் ஒலியாவது எங்ஙனம்? ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று வெறுத்து, மூன்று வயதில் எழுதப் பழக்கும் ஆங்கில நர்சரியைத் தேடி ஓடும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும். வரிசையில் நில் என்று வாத்தியார் சொன்னால் நில்லாத பிள்ளை, பயணியாகிவிட்டால் நிற்கிறதே!

இவ்வாறு நாம் தோழருடன் வாதிட்டுக் கொண்டிருந்த வேளையில், ஓட்டுநனின் குரல் எழுந்தது. தகர மூடிக்குக் கை நீட்டிய சிறுமியைப் பார்த்து அவன் சொன்னான்: “நீ ஓட்டக் கூடாது. நீ வண்டியைக் கூட்டு. உங்கம்மா அதுதானே செய்யுது!”

வாயடைத்துப் போனோம். கற்றுக் கொடுத்தவர் யார்? வீடு கொடுத்தது, தெரு கொடுத்தது, ஊர் கொடுத்தது. துடைப்பம் இழிவன்று, இன்னார் மகள் என்பதற்காக அதை ஒருத்தியின் கையில் திணிப்பதே இழிவு. நம் இலக்கியத்திலும் விளையாட்டில் வகுப்பு உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றே ஒரு பருவம். தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் கெஞ்சுவர். கட்டுவது பெண், கலைப்பது ஆண், அதைப் பாடிப் பூரிப்பது புலவர்!

1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி கொணர்ந்த கல்வித் திட்டத்தை இளைஞர் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பயிலச் சொன்னது அது. குலக்கல்வி என்று பெயரிட்டுத் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அத்திட்டம் அரசாணையால் செய்ய முனைந்ததை, இச் சிறுவன் ஆணை ஏதுமின்றிச் செய்கிறான்! ஆணையை எதிர்த்து ஊர்வலம் நடத்தலாம். இவனை எதிர்த்து எங்கே போவது?

ஆசிரியை அதட்டவில்லை, அறிவுரையும் கூறவில்லை. ஒரு வேப்பிலையை வாங்கிக் கொண்டு வண்டியில் ஏறி அமர்ந்தார். “இந்த வண்டியிலே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் டிரைவர் மாறணுமாம், தெரியுமா?” என்றார், பயணிக்குரிய குரலில். சிறுவன் சற்றே எண்ணினான். விதி என்றால் விதிதானே! குரோம்பேட்டையில் தகர மூடி கைமாறிற்று.

சிறுமி அதனை இரு கைகளாலும் பற்றிக் கொண்டாள். பல்லாவரம் வந்தது; இறங்கச் சொன்னாள். தன் முறை முடிந்துவிடுமே என்று எண்ணினாளோ என்னவோ, உடனே திருத்திக் கொண்டாள்: “இல்லை, இந்த வண்டி பல்லாவரத்தில் நிற்காது.”